எல்லாரும் சுகம், நாயும் சுகம்

திருகோணமலை வீடுகள் கடல் கடந்த சொந்தங்களுக்குச் சொல்லும் சின்னச் செய்திகள்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்கு அம்மா முன்விறாந்தைக் கதிரையில் வந்து உட்காருவார். சேலைத் தலைப்பால் தொலைபேசித் திரையை ஒருமுறை துடைப்பார். பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை அடங்கும் நேரம் அது. ரொறன்ரோவில் காலை பத்து மணி, லண்டனில் பிற்பகல் மூன்று, சிட்னியில் நள்ளிரவு. சிட்னியிலிருக்கும் சித்தி இந்த அழைப்புக்காகவே கண் சொருகச் சொருக விழித்திருப்பார்.

திரையில் முகங்கள் ஒவ்வொன்றாய்த் தெளியும். மாமாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சிவப்பி எங்க அக்கா?"

அம்மா தொலைபேசியைத் திருப்பிப் பிடிப்பார். படிக்கட்டடியில் சாக்கில் சுருண்டு கிடக்கும் சிவப்பி, குரல் கேட்டு ஒரு காதை மட்டும் நிமிர்த்தும். வால் இரண்டு தரம் தரையில் அடிபடும். அதைப் பார்த்த பிறகுதான் மாமா, "நீங்கள் எல்லாரும் சுகமோ?" என்று கேட்பார். ரொறன்ரோவில் பிறந்த அவர் பிள்ளைகள் பின்னாலிருந்து சிரிப்பார்கள். நானும் பல வருடங்களாக அதை மாமாவின் ஒரு பழக்கம் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு அடியில் என்ன கிடந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டில் ஆளில்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ஒரு வீட்டுக்குக் கனடா, ஒரு வீட்டுக்குச் சுவிஸ், இன்னொரு வீட்டுக்குத் தமிழ்நாட்டு முகாம். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போனால் குவைத், கட்டார், சவூதி. பிறப்பு, சடங்கு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் இந்த வீடுகள் தூரத்துச் சொந்தங்களோடு பங்கிட்டே வாழ்ந்து வருகின்றன. பெரிய செய்தியை எவரும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். நாய் குட்டி போட்டதையும் மாமரம் பூத்ததையும் வீட்டு ஆள்தான் சொல்ல வேண்டும். தூரத்தில் இருப்பவரை வீட்டு ஆளாகவே வைத்திருப்பது அந்தச் செய்திதான் என்று நான் நம்புகிறேன்.

நீலக் கடிதத்தின் ஓரம்

அம்மம்மா மாமாவுக்கு எழுதியவை ஏரோகிராம்கள். மெல்லிய நீலத் தாள். மடித்து ஓரம் ஒட்டினால் அதுவே உறை. உள்ளே வேறு எதையும் வைத்து அனுப்ப முடியாது. தாளில் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் செய்தி.

அம்மம்மா எழுதியவை மாமாவிடம் ரொறன்ரோவில் இருக்கின்றன. மாமா எழுதிய பதில்கள் இங்கே அம்மம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன்பு மச்சாள் அங்கிருந்த கடிதங்களையெல்லாம் படம் பிடித்து அனுப்பினாள். நான் இரண்டையும் திகதிப்படி அடுக்கி, கேள்வியும் பதிலுமாக வாசித்தேன்.

அம்மம்மாவின் கடிதம் எதுவானாலும் மேலே பிள்ளையார் சுழி. கீழே நலம், கோணேசர் துணை. பிறகு பெரிய செய்திகள்: சித்திக்குச் சம்பந்தம் பேசியது, வேலிச் சண்டை, யாருக்கு ஓ.எல் பெறுபேறு வந்தது. அத்தோடு தாள் முடிந்துவிடும். முடிந்த பிறகு அவர் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரங்களில் பொடி எழுத்தில் எழுதத் தொடங்குவார். கபிலப் பசு நாம்பன் கன்று ஈன்றது. கிணறு வைகாசியிலேயே அடி தெரிகிறது. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனபோது கோட்டைக்குள் நின்ற மான்குட்டி ஒன்று அர்ச்சனைத் தட்டிலிருந்த வெற்றிலையை இழுத்துவிட்டது. நாய் நாலு குட்டி, இரண்டு கடுவன், இரண்டு பெட்டை.

மாமாவின் பதில்களில் சம்பந்தத்துக்கு ஒரு வரி, வேலிச் சண்டைக்கு ஒரு வரி. ஓரத்தில் எழுதியவற்றுக்கு அரைப் பக்கம். கன்றுக்கு என்ன பெயர்? மான்குட்டி வெற்றிலையைத் தின்றதா, துப்பியதா? குட்டிகளில் சிவப்பு நிறம் ஏதும் உண்டா? பனிக்குள் இருபது பேரோடு ஒரு அடித்தளத்தில் குடியிருந்து, இரவில் தொழிற்சாலையில் நின்ற ஒருவர், ஒரு மான்குட்டி வெற்றிலையை என்ன செய்தது என்று கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியை எழுதிய அரைமணி நேரம் அவர் திருகோணமலையில்தான் இருந்திருப்பார்.

அறிவித்தலில் விரியும் குடும்பம்

எங்கள் அம்மாமார் வளர்ந்த காலத்தில் இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி வீட்டின் ஒரு திருவிழா. பிள்ளையின் பெயரைத் தொடர்ந்து வாழ்த்துபவர்களின் பெயர்ப்பட்டியல் வரும். அம்மா, அப்பா, அம்மம்மா, பெரியப்பாமார், மாமிமார், மச்சான்மார் என்று அறிவிப்பாளர் ஒரே மூச்சில் வாசிப்பார். ஒரு பெயர் விடுபட்டால் ஒரு மனக்கசப்பு உறுதி. அந்தப் பட்டியலில் வந்த ஊர்கள் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், வவுனியா, மிஞ்சினால் கொழும்பு.

இன்று அந்தப் பட்டியலை மரண அறிவித்தலில் பார்க்கிறோம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு நிற்கும். கனடா, லண்டன், ஜேர்மனி, நோர்வே. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த அடைப்புக்குறிகள் பெருகின. மூன்று தலைமுறைக் குடும்பம் எங்கெங்கே சிதறிப் போயிற்று என்பதை ஒரு அரைப் பக்க அறிவித்தல் காட்டிவிடும்.

ஆனால் கடைசி வரை அந்த மனிதருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அவர் கட்டிலடியில் படுத்திருந்த நாயும் இல்லை. அவர்களைப் பற்றி யாராவது தொலைபேசியில் சொன்னால்தான் உண்டு.

பல்லுக்கொழுக்கட்டையும் வீடியோ கசற்றும்

பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் எங்கள் பக்கத்தில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவோம். பல்லுப்பல்லாய் நறுக்கிய தேங்காய்ச் சொட்டைக் கொழுக்கட்டை விளிம்பில் குத்தி அவித்து, பிள்ளையை வெள்ளைச் சீலையில் இருத்தி, தலைக்கு மேலே இன்னொரு சீலையைப் பிடித்து மெல்லக் கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனா, நகை எல்லாம் பரப்பியிருக்கும். பிள்ளை எதை எடுக்கிறது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துப் பார்ப்பார்கள். புத்தகத்தை எடுத்தால் அந்தச் செய்தி அன்றிரவே நாலு கண்டத்துக்கும் போய்விடும்.

பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் முதல் ஆள் தாய்மாமன். பாலும் அறுகும் தலையில் வைப்பதும் தேங்காய் உடைப்பதும் அவர் உரிமை. என் சடங்கு 1995இல் நடந்தது. மாமா ரொறன்ரோவில் இருந்தார். ஊருக்கு வர முடியாத காலம். ஒன்றுவிட்ட மாமா ஒருவர் அவருடைய இடத்தில் நின்று தேங்காய் உடைத்தார். அம்மா அன்று முழுக்கக் கண் கலங்கியபடியே நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அதனால்தான் வீடியோ எடுப்பது அந்தக் காலத்தில் ஆடம்பரமாக இருக்கவில்லை. வராதவருக்குப் பந்தலில் போட்ட ஒரு கதிரை அது. மூன்று மணிநேரக் கசற். கொழும்பு வழியாகப் பயணம் போன ஒருவரின் பெட்டிக்குள் அது கனடா போய்ச் சேர்ந்தது. அங்கே வீட்டு வீடியோப் பெட்டியில் போட்டால் ஓடவில்லை. இலங்கையில் PAL ஒளிபரப்பு முறை, கனடாவில் NTSC முறை. தமிழ்க் கடை ஒன்றில் கொடுத்து, காசு கட்டி, முறை மாற்றிய பிறகுதான் மாமா தன் மருமகளின் சடங்கைப் பார்த்தார்.

அவர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த இடம் எதுவென்று பிறகு ஒருமுறை சொன்னார். கமராக்காரர் பந்தலிலிருந்து குசினிக்குப் போகும் வழியில், நிறுத்த மறந்தோ என்னவோ, கிணற்றடியைப் பத்துப் பன்னிரண்டு செக்கன் எடுத்துவிட்டார். துலாவில் காகம் ஒன்று இருக்கிறது. வாளிக்குப் பக்கத்தில் நாய் தண்ணீர் குடிக்கிறது. அவ்வளவுதான். "சடங்கு எல்லா வீட்டிலயும் ஒரே மாதிரித்தான் பிள்ளை. அந்தக் கிணத்தடி எங்கட வீட்டில மட்டும்தானே" என்றார்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் இந்தச் செய்திப் பரிமாற்றம் வேறு விதமாக நடக்கிறது. அங்கே வெளிநாட்டிலிருப்பது பெரும்பாலும் உம்மா அல்லது வாப்பா. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து சனம் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது. 1985இல் அதற்கென்றே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. பிள்ளையை உம்மம்மா வளர்ப்பார். ஒருமுறை கிண்ணியாவில் நான் இருந்த வீட்டில் அழைப்பு வந்தபோது, ஏழு வயதுப் பையன் சலாம் சொல்லவும் நிற்காமல் ஆட்டுக்கொட்டிலுக்கு ஓடினான். முதல்நாள் பிறந்த குட்டியைத் தூக்கி, அதன் மூக்கைக் கமராவில் ஒட்டிப் பிடித்தான். திரையில் உம்மாவுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும், "அல்லாஹ், என்ன வடிவு!" என்று அவர் சொன்ன குரலை நான் மறக்கவில்லை.

ஒரு தம்பி வாங்கிக் கொடுத்த சங்கிலி

திருகோணமலைத் துறைமுகம் எங்களுக்கு முன்பே எத்தனையோ குடும்பங்களின் பிரிவைப் பார்த்திருக்கிறது. நகரின் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் சார்ல்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் ஒரே தம்பி அவர். பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே கொலரா கண்டு, 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி, 73ஆவது வயதில் இறந்தார். உடலைத் திருகோணமலையில் புதைத்தார்கள்.

இதே தம்பி 1801இல், இருபத்தொரு வயதுக் கடற்படை அதிகாரியாக, எதிரிக் கப்பலைப் பிடித்ததில் தன் பங்காகக் கிடைத்த 30 பவுண் காசில் தன் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார். ஜேன் அந்தச் செய்தியைப் பொய்க்கோபமும் பூரிப்புமாகத் தன் அக்காவுக்கு எழுதினார். அந்தச் சிலுவைகள் இன்றும் இங்கிலாந்தில் அவர்கள் வாழ்ந்த வீட்டு நூதனசாலையில் இருக்கின்றன.

முதல் சம்பளத்தில் அக்காவுக்குச் சங்கிலி வாங்கி அனுப்பும் தம்பியை எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். என் சடங்குக்கு நான் போட்ட பதக்கம் சங்கிலி மாமா அனுப்பியது. கோணேசருக்குப் போகும் நாளில் எனக்கு அந்தக் கல்லறை நினைவு வரும். அக்காமார் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, சொந்தம் எவரும் கூட இல்லாத கரையில் அந்தத் தம்பி தனியே கிடக்கிறார்.

கயிறு அவிழ்த்த இரவு

1990 ஜூனில் மறுபடியும் போர் மூண்டது. திருகோணமலையிலிருந்து சனம் காட்டுக்கும் பாடசாலைகளுக்கும் ஓடியது. அந்த வருடமும் அடுத்த வருடமுமாக வடக்கு கிழக்கிலிருந்து 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அப்படி மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் மாமாவும் ஒருவர். அங்கிருந்துதான் பிறகு கனடா.

ஓடுகிற சனம் கடைசியாகச் செய்த வேலை ஒன்று உண்டு: கட்டியிருந்த மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுவது. கட்டையில் நின்றால் தண்ணீரில்லாமல் சாகும், அவிழ்த்துவிட்டால் எங்காவது பிழைக்கும். 2006இல் சம்பூரையும் மூதூர் கிழக்கையும் விட்டு ஓடியவர்களும் இதையேதான் செய்தார்கள். அந்தச் சனம் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் பத்து வருடமளவு இருந்தது. அங்கே பிள்ளைகள் பிறந்தன, ஏடு தொடக்கினார்கள், பெண்பிள்ளைகள் சாமத்தியப்பட்டார்கள். 2015இலும் 2016இலும் சம்பூருக்குத் திரும்பியபோது வீடு நின்ற இடமும் தெரியவில்லை, மாட்டுப் பட்டியும் இல்லை.

போர்க்காலத்தில் தொடர்பற்றுப்போன குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் செய்தி என்ற ஒரு வழி இருந்தது. 1989 முதல் இலங்கையில் இயங்கிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு, தபால் போகாத இடத்துக்கும் தடுப்பில் இருந்தவர்களுக்கும் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தது. மூடாத தாள், எவரும் வாசிக்கலாம். போரைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ ஒரு சொல் எழுத முடியாது. குடும்பச் செய்தி மட்டும்தான் அனுமதி. உயிரோடு இருக்கிறோம், தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, மாடு கன்று போட்டிருக்கிறது. எல்லா வழியும் அடைபட்ட பிறகும் வீட்டுச் செய்திக்கு ஒரு வாசல் திறந்திருந்தது.

2009 பெப்ரவரி முதல் மே வரை, முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளரையும் அதே குழு கப்பலில் ஏற்றித் திருகோணமலையிலும் புல்மோட்டையிலும் இறக்கியது. உடன் வந்த சொந்தங்களோடு சேர்த்து 13,000க்கும் மேற்பட்டவர்கள். ஒரு வீட்டில் ஒருவர் கப்பலில், மற்றவர்கள் கரையில். அந்த நாள்களில் இந்த ஊரில் பலரும் தெரியாத மனிதரிடம் போய்க் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "எங்கட ஆக்களைக் கண்டீங்களா?"

எங்கள் வீட்டில் 1990இல் ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. மாமா அதைக் குட்டியாக மடியில் வைத்துக் கொண்டுவந்தவர். ஓடிய இரவில் சங்கிலியைக் கழற்றியதும் அவர்தான். உழவு இயந்திரப் பெட்டியில் எல்லாரும் ஏறிய பிறகு ஜிம்மி பின்னாலேயே ஓடி வந்தது. சந்தி வரைக்கும் வந்தது. அது குரைத்தால் எல்லாருக்கும் ஆபத்து என்று யாரோ சொல்ல, மாமா இறங்கி, ஒரு கல்லை எடுத்து அதை எறிந்து விரட்டினார். கல் பட்டுவிட்டது. ஜிம்மி நின்று பார்த்தது. பிறகு திரும்பி வீட்டுப் பக்கம் போனது.

எட்டு மாதம் கழித்து அம்மம்மாவும் அம்மாவும் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, ஜிம்மியும் இல்லை. அம்மம்மா மண்டபத்துக்குப் போட்ட கடிதத்தில் கூரையைப் பற்றி எழுதினார், கிணற்றை இறைத்ததை எழுதினார். ஜிம்மியைப் பற்றி ஒரு வரி இல்லை. மாமாவும் கேட்டு எழுதவில்லை. கடிதங்களை அடுக்கி வாசித்தபோதுதான் அந்த இடைவெளி என் கண்ணில் பட்டது. அம்மாவிடம் கேட்டேன். கல் எறிந்த கதையை அன்றுதான் சொன்னார்.

வாசலில் குரைத்த நாய்

மாமா இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு, 2011இல், அம்மம்மாவின் செத்த வீட்டுக்கு வந்தார். வாசல் படலையைத் திறந்ததும் அன்றிருந்த தாய்நாய் பாய்ந்து குரைத்தது. எத்தனையோ கடிதங்களில் அவர் நலம் விசாரித்த நாய்களின் வழிவந்தது அது. அதற்கு அவர் பிறத்தி ஆள். மாமா அசையாமல் வெளியே நின்றார். "விடுங்கோ, அது தன்ர வேலையைச் செய்யுது" என்றார்.

துடக்கு நாள் முப்பத்தொன்றும் அவர் எங்களோடு இருந்தார். அந்தத் தாய்நாயின் ஒரு குட்டிதான் சிவப்பி. பாலும் பாணும் கரைத்துத் தன் விரலால் ஊட்டி, அதற்குப் பெயரும் அவரே வைத்தார். தாய்க்குக் கடன் செய்யக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று எங்கள் ஊர் நம்பும் ஏழு கிணறுகள் அவை. ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. மாமா ஏழிலும் அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

இப்போது போக்குவரத்துத் தொல்லை இல்லை. கிண்ணியாவுக்குப் பாதைப் படகில் ஏறக் காத்துக் கிடந்த காலம் 2009 ஒக்டோபரில் பாலம் திறந்ததோடு போயிற்று. ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். கோட்டைக்குள் புள்ளிமானுக்குப் பழம் நீட்டுகிறார்கள். தம்பலகாமத்து எருமைத் தயிரைச் சட்டியோடு வைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த எருமைகளின் தொடையில் சுட்டிருக்கும் குறியைக் காட்டி, இது இன்ன குடும்பத்துப் பட்டி என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளைகள் முதலில் கட்டிப்பிடிப்பது நாயைத்தான். அதனால் இரண்டு காரியம் சொல்ல வேண்டும். வருடம் தவறாமல் நாய்க்கு விசர்நாய் நோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். 1973இல் இலங்கையில் இந்த நோய் 377 பேரைக் கொன்றது. தடுப்பூசியால்தான் அது இன்று ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. கடித்தாலோ நகம் பட்டாலோ, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மானுக்கும் ஒரு காரியம் உண்டு: பழம் கொடுப்பவர்கள் பொலித்தீன் பையைக் கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். அது மானின் வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்து உயிரை எடுத்துவிடும்.

இன்னொரு பிரிவும் இப்போது நடக்கிறது. பிள்ளைகள் அம்மா அப்பாவைத் தங்களிடம் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம். நாயை என்ன செய்வது? பிரித்தானியாவுக்கு இங்கிருந்து ஒரு நாயைக் கொண்டுபோக, தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைத்து, தடுப்பூசி போட்டு, முப்பது நாளாவது கழித்து இரத்தம் எடுத்துச் சோதித்து, அதன் பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விமானச் செலவு வேறு. எத்தனை வீட்டால் முடியும்? எங்கள் ஒழுங்கையில் பூட்டிய வீட்டுப் படலையடியில் இரண்டு நாய்கள் கிடக்கின்றன. அம்மா இரண்டுக்கும் சோறு வைக்கிறார். அவற்றின் படம் ஒவ்வொரு கிழமையும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போகிறது.

மாமரத்தடி

சென்ற மாசி மாதம் சிவப்பி செத்துப்போனது. பதின்மூன்று வயது கடந்துவிட்டது. கடைசி மூன்று நாளும் தண்ணீர் மட்டும்தான். ஒரு புதன்கிழமை விடியப்புறம், தன் சாக்கிலேயே உயிர் போயிற்று. நானும் அம்மாவும் குழி வெட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைத்தோம்.

அந்த ஞாயிறு மாமா கேட்டபோது, "பின்னால படுத்திருக்கு" என்றார் அம்மா. அடுத்த ஞாயிறு, "இப்பதான் வெளியால போச்சுது" என்றார். மாமாவுக்குப் போன வருடம் இருதய சத்திரசிகிச்சை நடந்தது. அம்மா பயந்தார். தூரத்தில் இருப்பவனுக்கு எதற்குக் கவலை என்று நாங்கள் எத்தனை செய்தியை இப்படி விழுங்கியிருக்கிறோம்! அங்கிருப்பவர்களும் வேலை போனதை, வருத்தம் வந்ததை நமக்குச் சொல்லாமல் விழுங்குகிறார்கள். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறை மறைக்கும்போதும் அவரை வீட்டுக்கு வெளியே ஓரடி தள்ளி வைக்கிறோம்.

மூன்றாம் ஞாயிறு மாமா வழமையான கேள்வியைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ஒளிக்காதீங்கோ அக்கா. ஜிம்மிக்கு என்ன நடந்ததெண்டு அப்ப எனக்கு ஒருத்தரும் எழுதேல்ல. நான் முப்பத்தைஞ்சு வருசமா அந்தச் சந்தியிலதான் நிக்கிறன்."

அம்மா வாய் திறக்கவில்லை. தொலைபேசியைத் திருப்பி, படிக்கட்டடியில் அப்படியே விட்டிருந்த வெறும் சாக்கைக் காட்டினார். மாமா பார்த்தார். ரொறன்ரோப் பிள்ளைகளும் அன்று சிரிக்கவில்லை.

"எங்க தாட்டனீங்கள்?"

"கிணத்தடி மாமரத்துக்குக் கீழ, தம்பி. நல்ல ஆழமா வெட்டித்தான்."

"நோகாமப் போச்சுதோ?"

"ஓம். நித்திரையிலதான்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். லண்டனும் சிட்னியும் மௌனமாக இருந்தன. பிறகு அவர் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார்.

"அந்த மாமரம் இந்த முறை பூத்ததோ அக்கா? கொண்டுபோய்க் காட்டுங்கோ பாப்பம்."

அம்மா எழுந்து, டோர்ச்சை எடுத்துவரச் சொல்லி எனக்குச் சைகை காட்டிவிட்டு, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி கிணற்றடிக்கு நடந்தார்.